எண்ணின் அதிகாரமும் எண்ணப்படுவோரின் உரிமையும்

எண்ணுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகின்றது? கணிதத்தைப் பாடமாகக் கற்போர் மட்டும் கேட்கவேண்டிய வினாவாக இது தோன்றலாம். ஆயின் மனிதன் தன் நாளாந்த வாழ்வில் எண்களுக்குப் பணிந்தே வாழ்கின்றான். அவனது சம்பளம் ஓர் எண். கடன் ஓர் எண். பரீட்சைப் பெறுபேறு ஓர் எண். வாக்காளர் இடாப்பில் அவனுக்குரிய இடமும் ஓர் எண்ணே. பிறர் சொல்லை மறுத்துரைக்கத் துணிபவன்கூட எண்ணொன்று எடுத்துக் காட்டப்பட்டதும் பேச்சடங்கி நிற்பதுண்டு. கணக்குப் பொய் சொல்லாது என்பது பொதுவழக்கு. கணக்குப் பொய் சொல்லாதிருக்கலாம்; ஆயின் அது எப்பொழுதும் யாரோ ஒருவரால் எழுதப்படுகின்றது என்பதை அவ்வழக்கு மறைத்துவிடுகின்றது.

ஹற்றனிலிருந்து நோர்வூட் நோக்கிச் செல்லும் பாதையில், கெசல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கை அண்டி அமைந்த டிக்கோயாவிலும், அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இவ்வினா நாள்தோறும் எழுகின்றது. கொழுந்து நிறுக்கும் வேளையில் பெண்கள் வரிசையாக நிற்பர். தராசின் முள் காட்டும் எண்ணை நிறுப்பவர் வாசிப்பார்; கணக்கெழுதுபவர் பதிவார். கூடைக்கென ஒரு கழிவு. மழை நாளாயின் இலையின் ஈரத்துக்கென இன்னொரு கழிவு. எஞ்சிய எண்ணே அன்றைய உழைப்பின் அளவு. குறித்த இலக்கை அந்த எண் எட்டினால் அவளுக்குப் ‘பேர்’ உண்டு, எட்டாவிடின் ‘அரைப்பேர்’. ஒரு நாட்சம்பளத்துக்குரிய பதிவைத் தோட்டப்புற வழக்கு ‘பேர்’ என்றே அழைப்பது சிந்திக்கத்தக்கது. தராசில் தோன்றும் எண், ஒருத்தியின் பெயர் அன்று முழுமையாக எழுதப்படுமா, பாதியாக எழுதப்படுமா என்பதைத் தீர்மானிக்கின்றது. இலத்திரனியல் தராசு வந்த இடங்களிலும் கழிவு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர் தராசின் மறுபுறத்தில் நிற்பவரே.

இந்த எண்ணை அவள் ஏற்கவேண்டும். ஆனால் அதனை அவள் சரிபார்க்க இயலுமா? சரிபார்க்க இயலாத எண்ணுக்கு அவள் ஏன் கட்டுப்படவேண்டும்? இவ்வறவினாவுக்கு விடை காண்பதற்குத் தராசிலிருந்து மிகத் தொலைவில் உள்ளதாகத் தோன்றும் ஒன்றினை, அதாவது முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் வரலாற்றினை, முதற்கண் நோக்குதல் பயனுடையதாகும். அந்த எண் எவருடைய கூலியையும் அளப்பதன்று, எவரையும் ஆள்வதன்று. அக்காரணத்தாலேயே எண்ணின் அதிகாரம் எதில் நிலைகொள்கின்றது என்பதை அது தெளிவாகக் காட்டவல்லது.

1. முப்பத்தொன்பது இலக்கங்கள்

தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுகின்ற, ஒன்றினும் பெரிய எண்ணை இலங்கைப் பாடநூல்கள் முதன்மை எண் என்கின்றன. தமிழகத்தார் பகா எண் என்பர். 2, 3, 5, 7, 11, 13 என அவ்வரிசை தொடங்குகின்றது. அதற்கு முடிவில்லை என்பதை யூக்கிளிட்டு இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவிவிட்டார். முதன்மை எண்கள் முடிவற்றவை என்பது வேறு. குறித்த ஒரு பேரெண் முதன்மையானதா என அறிவது வேறு.

2ஐ 127 தடவை தன்னோடு தானே பெருக்கி, வரும் பெறுமானத்திலிருந்து 1ஐக் கழித்தால், அதாவது 2¹²⁷ − 1ஐக் கணித்தால், கிடைப்பது 170141183460469231731687303715884105727 என்னும் எண். இது முதன்மை எண் என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞரான எதுவார் லூக்கா 1876இல் காட்டினார். 1951 வரை, ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள், மனிதர் அறிந்த முதன்மை எண்களுள் மிகப் பெரியது இதுவே. கணிக்கும் பொறி எதனதும் துணையின்றி, கையாற் கணித்து நிறுவப்பட்டவற்றுள் மிகப் பெரியது என்ற சிறப்பும் இதற்குரியது.

இந்த எண்ணுக்கு ஓர் அழகிய மரபுவழியும் உண்டு. 2² − 1 என்பது 3. 2³ − 1 என்பது 7. 2⁷ − 1 என்பது 127. 2¹²⁷ − 1 என்பது மேற்குறித்த எண். இச்சங்கிலியின் கணுக்கள் யாவும் முதன்மை எண்களே. அடுத்த கணுவோ, அதன் இலக்கங்களை எழுதுவதற்கே உலகில் தாள் போதாத அளவு பெரியது. அது முதன்மையானதா என்பதை இன்றுவரை எவரும் அறியார். ஆயினும் அது ஒன்றில் முதன்மையானது, அல்லது அன்று. இடைப்பட்ட நிலை இல்லை. அறிபவர் இல்லாமையால் உண்மை இல்லாமற் போவதில்லை. அதுபோலவே, உரத்துச் சொல்பவர் இருப்பதால் உண்மை உண்டாகிவிடுவதுமில்லை. இரண்டாவது கூற்றுக்கு இதே எண்வகையின் வரலாறு சான்று பகர்கின்றது.

2இன் ஒரு வலுவிலிருந்து 1 குறைந்த முதன்மை எண்கள் மெர்சென் எண்கள் என வழங்கப்படுகின்றன. மரீன் மெர்சென் பாரிசில் வாழ்ந்த துறவி. அக்கால ஐரோப்பிய அறிஞர் பலருடனும் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். 257க்கு மேற்படாத எவ்வெவ் வலுக்களுக்கு இவ்வகை முதன்மை எண்கள் கிடைக்கும் என்று 1644இல் அவர் ஒரு பட்டியலை வெளியிட்டார். பட்டியலில் 67உம் 257உம் இருந்தன. 61உம் 89உம் 107உம் இருக்கவில்லை. இவ்வைந்திலும் அவர் கூற்றுத் தவறானது. 2⁶¹ − 1 முதன்மையானது என்பதை 1883இல் நிறுவியவர் உரால் பிரதேசத்துக் கிராமக் குருவான இவான் பெர்வூஷின். 89உம் 107உம் முறையே 1911இலும் 1914இலும் ஆர். ஈ. பவர்ஸ் என்னும் அமெரிக்கரால் சேர்க்கப்பட்டன. அவர் கணிதத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட்டு முடிந்தது 1947இல்.

பாரிசின் புகழ்பெற்ற அறிஞரைத் தொலைதூரக் கிராமத்தின் குரு ஒருவர் திருத்த முடிந்தமை எதனால்? பெர்வூஷின் மெர்செனைவிட மேதாவி என்பதனாலன்று. மெர்செனின் பெயருக்கோ, காலத்துக்கோ, வாழ்ந்த நகருக்கோ அந்த எண் எவ்வகையிலும் கடமைப்பட்டிருக்கவில்லை. சொன்னவர் யார் என்று எண் கேட்பதில்லை. சொல்லப்பட்டது நிற்குமா என்ற ஒன்றே அங்குக் கேள்வி. அக்கேள்வியைக் கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு.

2. குறை உண்டு என்பதும் குறை எங்கே என்பதும்

127ஆம் வலுவுக்குரிய எண்ணை ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்துச் சோதிப்பதாயின், ஒரு விநாடிக்கு ஒரு வகுத்தல் என்று இடைவிடாது செய்தாலும் ஏறத்தாழ நாற்பதினாயிரம் கோடி ஆண்டுகள் செல்லும். லூக்கா அவ்வழியிற் செல்லவில்லை. வகுக்காமலே தீர்ப்புக் கூறும் ஒரு முறையை அவர் கண்டார். அதனை டெரிக் லெமர் 1930இல் செம்மைப்படுத்தினார். அம்முறை பின்வருமாறு: 4 என்ற எண்ணில் தொடங்குக. அதனை வர்க்கித்து 2ஐக் கழிக்க. வரும் விடையைச் சோதிக்கவேண்டிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்க. அம்மீதியை மீண்டும் வர்க்கித்து 2ஐக் கழிக்க. வலுவிலும் இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்தபின் மீதி பூச்சியமானால் அவ்வெண் முதன்மையானது, பூச்சியமாகாவிடின் முதன்மையானதன்று. 2ஐ விடப் பெரிய முதன்மை எண்கள் வலுவாக அமையுமிடத்து இம்முறை பிழைப்பதில்லை.

127ஐ, அதாவது 2⁷ − 1ஐ எடுத்துக்கொள்வோம். ஐந்து தடவைகள் போதும். 4இலிருந்து 14 வருகின்றது. 14ஐ வர்க்கித்து 2ஐக் கழித்தால் 194; அதனை 127ஆல் வகுக்க மீதி 67. அடுத்து 42, அதன்பின் 111. 111ஐ வர்க்கித்து 2ஐக் கழித்தால் 12319. அது சரியாக 127இன் 97 மடங்கு. மீதி பூச்சியம். 127 முதன்மை எண். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு தாளில் இதனைச் செய்து பார்க்கலாம். முப்பத்தொன்பது இலக்க எண்ணுக்கும் இதே முறைதான். அங்கு நூற்றிருபத்தைந்து தடவைகள்.

இம்முறையில் மெய்யியல் நோக்கில் முக்கியமான ஒரு தன்மை அடங்கியுள்ளது. 2047 என்ற எண் 2¹¹ − 1 ஆகும். அதனை இவ்வாறு சோதித்தால் ஒன்பதாவது தடவையில் எஞ்சுவது 1736, பூச்சியமன்று. எனவே 2047 முதன்மையானதன்று என்பது உறுதி. ஆனால் அதன் காரணிகள் 23உம் 89உம் என்பதை அச்சோதனை எங்கும் சொல்லவில்லை. எண்ணில் ஒரு பிளவு உண்டு என்பதை அது நிறுவுகின்றது. பிளவு எவ்விடத்தில் என்பதைக் காட்டுவதில்லை.

மெர்சென் முதன்மையானது என்ற 2⁶⁷ − 1 முதன்மையானதன்று என்பதையும் 1876இல் லூக்கா இவ்வகையிலேயே அறிந்தார். அதன் காரணிகளை அவர் அறியவில்லை. அவற்றை உலகம் அறிந்தது 1903ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலேயே. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டமொன்றில் பிராங்க் நெல்சன் கோல் என்பவர் கரும்பலகையில் ஒருபுறம் 2இன் 67ஆம் வலுவைக் கணித்து 1ஐக் கழித்தார். மறுபுறம் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். இருபுறமும் 147573952589676412927 என்ற ஒரே எண் வந்தது. ஒரு சொல்லும் பேசாது அவர் தம் இருக்கைக்குத் திரும்பினார் என்றும், அக்காரணிகளைக் காண எவ்வளவு காலம் சென்றதெனப் பின்னர் வினவியபோது மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என விடையிறுத்தார் என்றும் கூறுவர்.

இவ்வரலாற்றில் இரு படிப்பினைகள் உள்ளன. குறை உண்டு என்று நிறுவுவதற்குக் குறை எவ்விடத்தில் என்று காட்டவேண்டிய கட்டாயம் இல்லை என்பது முதலாவது. அதிகாரத்தின் முன் முறையிடுவோர் எப்பொழுதும் எதிர்கொள்ளும் கேள்வி, “எங்கே பிழை என்று காட்டு” என்பதே. கொழுந்தின் நிறை தன் கையறிந்த பாரத்துக்கு ஒவ்வாதிருப்பதை உணரும் பெண்ணிடம் இக்கேள்வி கேட்கப்பட்டால் அவளால் விடைகூற இயலாது. தராசிலா, கழிவிலா, பதிவிலா பிழை என்பதை அவள் அறியாள். அவ்வறியாமை அவளது முறைப்பாட்டை வலுவிழக்கச் செய்வதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. லூக்காவின் சோதனை இதனை மறுக்கின்றது. தொடக்கத்தையும் முடிவையும் ஒப்புநோக்கி முரண்பாடு உண்டெனக் காட்டினால் போதும். பிழையின் இடத்தைத் தேடுவது கணக்கை வைத்திருப்பவரின் கடமையாகின்றது.

தேடுவது கடினமாயினும் சரிபார்ப்பது எளிதாதல் கூடும் என்பது இரண்டாவது. மூன்றாண்டுகளின் ஞாயிறுகளில் விளைந்ததை எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் ஒரு மணிநேரத்திற் பெருக்கிப் பார்க்கலாம். கோல் தம் பெருமையையோ பதவியையோ சான்றாக வைக்கவில்லை. சரிபார்ப்பதற்கு வேண்டியவற்றை அவையின் கையில் வைத்துவிட்டு அமர்ந்தார். எண்ணின் அதிகாரம் என்பது இதுவே. அது சொல்பவரின் உயரத்திலிருந்து இறங்கி வருவதன்று. கேட்பவரின் கையில் ஒப்படைக்கப்பட்ட சோதனையிலிருந்து எழுவது.

3. மேதைக்கும் விலக்கில்லை

இவ்வுண்மைக்குத் தமிழர் வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் ஆண்டுக்கு 20 பவுண் சம்பளம் பெற்ற ஓர் எழுதுவினைஞர் கேம்பிரிட்சுப் பேரறிஞர் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் பட்டதாரியல்லர், பரிந்துரைக்கும் பெருமக்களும் கேம்பிரிட்சில் அவருக்கு இல்லை. கடிதத்திலிருந்த சூத்திரங்களே அவருக்காகப் பேசின. அவ்வெழுதுவினைஞரான சீனிவாச இராமானுசன் 1918இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். பிறப்பையும் பட்டத்தையும் கேளாத அவையொன்று இருப்பின் அது கணிதத்தின் அவையே என்று இதனைக் கொண்டு பெருமை பேசுவர். பெருமை தகும், ஆயின் அது வரலாற்றின் ஒரு பாதியே.

மறுபாதி முதன்மை எண்களைப் பற்றியது. ஓர் எண்ணுக்குக் கீழ் எத்தனை முதன்மை எண்கள் உள்ளன என்பதை மிக நுட்பமாகத் தரும் சூத்திரம் ஒன்றைத் தாம் கண்டதாக இராமானுசன் அக்காலத்தில் கருதினார். ஹார்டி நிறுவல்களைக் கேட்டார். ஆராய்ந்தபோது அக்கூற்று நிலைக்கவில்லை. அது தருவதாகக் கொண்ட நுட்பத்தை முதன்மை எண்களின் பரம்பல் அனுமதிப்பதில்லை. ஏனைய துறைகளில் வியக்கத்தக்கவாறு துணைநின்ற உள்ளுணர்வு இங்கே அவரைக் கைவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், 1914இல், ஹார்டியின் நண்பர் லிட்டில்வூட் இன்னொன்றை நிறுவினார். முதன்மை எண்களின் தொகையை மதிப்பிடும் பிரபலமான சூத்திரம் ஒன்று, அதுவரை எண்ணிப் பார்த்த இடமெங்கணும் உண்மைத் தொகையைவிடச் சற்றுக் கூடிய விடையையே தந்தது. அவ்வாறே என்றும் இருக்கும் என எவரும் நம்பியிருப்பர். அந்நம்பிக்கை தவறு என்றும், இருபுறமும் அது முடிவின்றி மாறிமாறிச் சாயும் என்றும் அவர் காட்டினார்.

எழுதுவினைஞர் என்பதால் இராமானுசனின் சரியான கூற்றுகள் தள்ளப்படவில்லை. மேதை என்பதால் அவரது தவறான கூற்று ஏற்கப்படவுமில்லை. இவ்விரண்டும் ஒரே நீதியின் இரு பக்கங்கள். முதற் பக்கத்தை மட்டும் கொண்டாடி இரண்டாவதை மறைப்போர் இராமானுசனைப் பெருமைப்படுத்துவதாக எண்ணி, அவரை ஏற்றுக்கொண்ட நீதியையே சிறுமைப்படுத்துகின்றனர்.

4. மக்களை அளக்கும் எண்கள்

எண்களைப் பற்றிய எண்களிலிருந்து மக்களைப் பற்றிய எண்களுக்கு வருமிடத்து நிலைமை தலைகீழாக மாறுகின்றது. மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றில் ‘துண்டு’ என ஒன்று இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு நீங்கவேண்டுமாயின், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவரை விடுவிக்கலாம் என்று எழுதப்பட்ட சீட்டு ஒன்று வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி அவரை ஏற்கும். தொகை மீண்டும் அவர் தலையிற் கடனாக ஏறும். சீட்டிலிருந்த எண்ணே அவருடைய விடுதலையின் விலை. அதனை எழுதியவர் ஒருவர், கைமாற்றியவர் கங்காணி, சுமந்தவர் தொழிலாளி. சுமந்தவருள் மிகப் பலருக்கு அதனை வாசிக்கவும் இயலாது. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டிலிருந்த தொகை சரியானதா என்பது இரண்டாவது கேள்வி. அதனைச் சரிபார்க்க வகையில்லாத ஒருவரை அதற்குக் கட்டுப்படுத்தியமையே முதற் கொடுமை.

இதனிலும் பெரிய எண் ஒன்று பின்னர் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். நாடற்றவர் தொகை 9,75,000 எனக் கொள்ளப்பட்டது. அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்பது ஏற்பாடு. 1974இல் அவ்வெஞ்சிய தொகை 75,000 வீதம் இரண்டாகப் பகிரப்பட்டது. டிக்கோயா போன்ற இடங்களின் லயங்களிலிருந்து குடும்பங்கள் பிரிந்து சென்றன. ஒரே வீட்டில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் இன்னொருவருக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் கிடைத்த நிலையும் ஏற்பட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்குவதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மனிதனைப் பகா எண்ணுக்கு ஒப்பிட்டு, அவன் பகுக்கப்படலாகாதவன் எனக் கூறிவிடுதல் கவிஞனுக்கு எளிது. ஒப்புமை இனிது, ஆயின் அது வாதமாகாது. வாதம் வேறிடத்தில் உள்ளது. 5,25,000ஐயும் 3,00,000ஐயும் 1,50,000ஐயும் கூட்டினால் 9,75,000 வருகின்றது. கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. கணக்குச் சரியாக இருந்தும் நீதி தவறியது எவ்வாறு?

ஒரு முதன்மை எண்ணைச் சோதிக்கையில் அவ்வெண்ணின் சம்மதம் தேவையில்லை. அதற்கு விருப்பு வெறுப்பில்லை. மக்களை எண்ணும்போதோ, எண்ணப்படும் பொருளும் சிந்திக்கும் உயிராக உள்ளது. எதனை ஓர் அலகாகக் கொள்வது, தனியாளையா குடும்பத்தையா, பிறந்த மண்ணையா மூதாதையரின் மண்ணையா என்பன கூட்டலுக்கு முன்னரே தீர்மானிக்கப்படும் விடயங்கள். 1964இல் அவை அம்மக்கள் இல்லாத அவையிலே தீர்மானிக்கப்பட்டன. கரும்பலகையில் பெருக்கிக் காட்டப்பட்டது விடை மட்டுமே; எவ்வெவ் எண்களைப் பெருக்குவது என்பதைத் தெரிந்தெடுத்த படி மறைந்திருந்தது. ஆகவே மக்களைப் பற்றிய கணக்கிற் சரிபார்த்தல் என்பது கூட்டலைச் சரிபார்ப்பதோடு முடிவதில்லை. அலகைத் தெரிந்தெடுத்த முறையையும் எண்ணப்படுவோர் வினவ இயலவேண்டும்.

5. மூன்று மறுப்புகள்

இக்கருத்துக்கு மறுப்புகள் எழலாம். எல்லோரும் எல்லாவற்றையும் சரிபார்க்க இயலாது என்பது முதலாவது. 2024 ஒக்ரோபரில் லூக் டுரான்ட் என்பவர் கண்டறிந்த 2இன் 136279841ஆம் வலுவிலிருந்து 1 குறைந்த முதன்மை எண் 41,024,320 இலக்கங்கள் கொண்டது. பக்கத்துக்கு 2,500 இலக்கங்களாக அச்சிட்டாலும் பதினாறாயிரம் பக்கங்களைக் கடக்கும். அதனைக் கையாற் சரிபார்க்க ஒரு மனித ஆயுள் போதாது. பொறியை நம்பியே ஆகவேண்டும். நம்பிக்கை தேவைப்படுமெனின் நிறுப்பவரையும் நம்பினாலென்ன?

விடை அந்த எண் அறிவிக்கப்பட்ட முறையிலேயே உள்ளது. கண்டவரின் பொறியை மட்டும் எவரும் நம்பவில்லை. வெவ்வேறு வகைப் பொறிகளில், வெவ்வேறு நிரல்களைக் கொண்டு, வேறு ஆட்கள் லூக்காவின் சோதனையைத் திரும்பச் செய்தபின்னரே அது ஏற்கப்பட்டது. ஐயுறுபவர் எவரும் நாளையும் அதனை மீளச் செய்யலாம். இங்குள்ள நம்பிக்கை எந்நேரமும் மீளப்பெறத்தக்க நம்பிக்கை. சரிபார்க்க நேரமில்லாதிருப்பது வேறு. சரிபார்க்க அனுமதியில்லாதிருப்பது வேறு. முன்னையது மனிதனின் எல்லை. பின்னையது மனிதன் மனிதனுக்கு இடும் வேலி.

பறித்த கொழுந்து வாடுமுன் தொழிற்சாலை சேரவேண்டும், வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் வினாவத் தொடங்கினால் வேலை நடவாது என்பது இரண்டாவது மறுப்பு. இதற்குக் கோலின் கரும்பலகை விடை தருகின்றது. சரிபார்ப்பதற்கு வேண்டியவை கையில் இருந்தால் சரிபார்த்தல் எளிது. மொத்த நிறை இவ்வளவு, கூடைக்குக் கழிவு இவ்வளவு, ஈரத்துக்குக் கழிவு இவ்வளவு, எஞ்சியது இவ்வளவு என்று நான்கு எண்கள் எழுதிய சீட்டொன்றை ஒருத்தி கையிற் பெற்றால், அவள் லயத்துக்குச் சென்றபின் விளக்கொளியிற் கூட்டிப் பார்ப்பாள். அவளுக்குத் தெரியாவிடின் அவள் பிள்ளை பார்க்கும். ஒரு காலத்தில் துண்டு என்ற சீட்டு மனிதரைக் கட்டியது. சீட்டின்மேல் பழி இல்லை. அதிலுள்ள எண் எவர் கையிற் சோதனைக்குரியதாக இருக்கின்றது என்பதே அதனைத் தளையாகவோ காப்பாகவோ ஆக்குகின்றது.

மூன்றாவது மறுப்பு இன்னும் ஆழமானது. கணித உண்மை தூயது. உலகியலின் அழுக்குகளோடு அதனைப் பிணைப்பது தகாது என்பர். ஹார்டியே 1940இல் வெளியிட்ட தம் நூலில் எண்கோட்பாடு போருக்குப் பயன்படாமை குறித்து மகிழ்ந்தார். ஆயின் 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவரும் இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம் என்ற வேறுபாட்டின்மேல் ஓர் இரகசியக் குறிமுறையை அமைத்தனர். இன்று கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கும் மலைநாட்டு இளைஞர் கைபேசி வழியே வீட்டுக்கு அனுப்பும் பணத்தைக் காப்பவற்றுள் இத்தகைய முறைகளும் உள. இம்முறையில் ஒரு கையொப்பத்தை உரியவர் மட்டுமே இடலாம். அது மெய்யானதா என்பதை எவரும் சோதிக்கலாம். போருக்கும் வாணிகத்துக்கும் அது பயன்படுவது உண்மை. ஆனால் அதன் உள்ளமைப்பில் இருப்பது பழைய அறமே: உரிமைகோரல் ஒருவருடையது; சரிபார்த்தல் எல்லோருடையது. கணிதத்தின் தூய்மை என்பது உலகத்தைத் தீண்டாமையில் இல்லை. எவர் தீண்டினும் ஒரே விடையைத் தருவதில் உள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு கோட்பாடு உருப்பெறுகின்றது. எண்ணுக்குக் கட்டுப்படுமாறு ஒருவரைக் கேட்பவர், அவ்வெண்ணைச் சோதிக்கும் வழியையும் அவர் கையிற் கொடுக்கக் கடமைப்பட்டவர். வழியைக் கொடாது எண்ணை மட்டும் கொடுப்பவர் கட்டளையையே கணக்கெனப் பெயர்மாற்றி வழங்குகின்றார். இக்கோட்பாடு நீதிக்கு முழுமையான இலக்கணமாகாது. சரிபார்க்கத்தக்க எண்ணும் கொடிய சம்பளத்தைக் குறிக்கலாம். யாவரும் கண்ட கணக்கும் தகாத நோக்கத்துக்கு உதவலாம். ஆயினும் இது இல்லாத இடத்தில் ஏனைய நீதிகளைப் பற்றிப் பேசத் தொடங்கவும் இயலாது. அளவே ஐயத்துக்குரியதாயின், அளந்தது போதுமா என்ற விவாதத்துக்கு அடித்தளம் ஏது?

சோதிக்கும் வழி கையில் இருப்பினும் அதனைப் பயன்படுத்தும் ஆற்றல் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் மக்களின் இரு கண்களாகக் கண்டார். தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் எழுத்துக்கூட்டவும் சிறு கணக்குப் பார்க்கவும் மட்டுமே கற்பித்து நின்றன. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பிள்ளை 127ஐத் தானே சோதித்து, எவர் சொல்லையும் கடனாகப் பெறாது, அது முதன்மை எண் என்று கூற வல்லது. அப்பிள்ளை பரீட்சையிற் பெறும் புள்ளியைவிட இந்த அனுபவம் பெரிது. ஓர் உண்மையை அதிகாரத்திடமிருந்து பெறாமல் தானே கண்டுகொள்ளலாம் என்பதை அது ஒருமுறை அறிந்துவிட்டால், தன் தாயின் சீட்டிலுள்ள நான்கு எண்களையும் அதே கண்ணால் நோக்கும். கணிதக் கல்வியை மருத்துவபீடத்துக்கும் பொறியியல்பீடத்துக்கும் செல்லும் ஏணியாக மட்டும் கருதுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

170141183460469231731687303715884105727 என்ற எண்ணால் எவருக்கும் ஒரு கிலோ கொழுந்து கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. லூக்காவும் அத்தகைய பயனை நாடி அதனைச் சோதிக்கவில்லை. எனினும் மெர்செனின் சொல்லை மெர்சென் சொன்னார் என்பதற்காக ஏற்க மறுத்த அந்த மனநிலை, தராசின் முன் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கும் உரியதே. அவளும் அவ்வாறே கேட்கலாம்; கேட்டால் விடைகூறவேண்டிய கடமை மறுபுறத்தில் நிற்பவருடையது.